5800 வருஷத்துப் பலகையும் ஒரு தண்ணி பம்பும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி. பிடுங்கப் பிடுங்க முளைச்சுக்கிட்டே இருக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வெளியில மழை, கையில காபி. அதனால ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடந்த ஒரு விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். பார்க்கணும்னு தேடிப்போன பொருளைக் கடைசிவரை பார்க்காமலேயே திரும்பி வந்த கதை இது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

ஆன்சைட்ல பிரிஸ்டல்ல இருந்தப்ப நடந்தது. அங்கேயிருந்து தெற்கே சாமர்செட் பக்கம் போனா கிளாஸ்டன்பரிங்கிற ஊர் வரும். அதுக்கு மேற்கே தாழ்வான சதுப்பு நிலம். அதுல ஷாப்விக் ஹீத்னு ஒரு இயற்கைக் காப்பகம். "இங்கே 5800 வருஷம் பழமையான மரப்பாதை இருக்குடா, பிரமிடைவிட ஆயிரம் வருஷத்துக்கு மேல மூத்தது" என்று சொல்லி, கார் வச்சிருந்த ரூம் மேட்டை ஒரு குளிர்காலத்து ஞாயிறு மதியம் கிளப்பிக்கிட்டுப் போனேன். அவனுக்கு வரலாறுன்னாலே தூக்கம் வரும். சாயங்காலம் பறவை பார்க்கலாம்னு ஆசை காட்டித்தான் வண்டியை எடுக்க வச்சேன்.

போய்ச் சேர்ந்து, ஏரியும் நாணலுமா இருந்த இடத்துல ஒரு நேரான பாதையில நடந்தோம். 1966ல மூடின ஒரு ரயில் தடத்தைத்தான் நடைபாதையா மாத்தியிருக்காங்க. அப்புறம் மரங்களுக்கு நடுவுல ஒரு ஒத்தையடிப் பாதை, ஒரு தகவல் பலகை. பழைய பாதை எப்படி இருந்திருக்கும்னு காட்ட மாதிரியா செஞ்சு வச்ச ஒரு துண்டு. அவ்வளவுதான். "சரி, ஒரிஜினல் எங்கேடா?"ன்னு கேட்டான். "கீழே, மண்ணுக்குள்ள." "பார்க்க முடியாதா?" "முடியாது. பார்க்கணும்னு தோண்டினா போயிடும்." அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத்துல கொண்டுவர முடியாது :)

உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் உள்ளுக்குள்ள ஏமாற்றம்தான். அன்னிக்கு ராத்திரி வந்து தேடித்தேடிப் படிச்ச பிறகுதான் நாங்க எதுக்கு மேலே நின்னுட்டு வந்திருக்கோம்னு புரிஞ்சது.

முதல்ல அந்தப் பாதை கிடைச்ச கதை. சாமர்செட் சதுப்பு நிலத்துல பீட் என்று ஒரு மண் உண்டு. செத்த நாணல், பாசி, இலைதழை எல்லாம் தண்ணிக்குள்ள விழுந்து, முழுசா மக்க முடியாம ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்கா சேர்ந்த கருப்பு மண். காயவச்சா எரியும். அந்தக் காலத்துல அடுப்புக்கு வெட்டினாங்க, பிற்பாடு தோட்டத்துக்கு உரமண்ணா மூட்டை கட்டி விக்கறதுக்கு மிஷின் வச்சு வெட்டினாங்க. 1970ல ரே ஸ்வீட் என்கிற பீட் வெட்டும் தொழிலாளி ஒரு வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, ஆழத்தில் ஒரு கெட்டியான பலகை தட்டுப்பட்டது. பீட்டுக்குள்ள மரம் கிடைக்கிறது அதிசயமில்லை. ஆனா இது யாரோ பிளந்து செதுக்கின பலகைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தூக்கிப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்காம, தகவல் சொன்னார். அது கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் கோல்ஸ் என்ற தொல்லியல் பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தது. ஜான் கோல்ஸும் பிரியோனி கோல்ஸும் 1973 முதல் 1989 வரை அந்தச் சதுப்பு நிலம் முழுக்க ஆய்வு நடத்தினார்கள். பாதைக்கு வச்ச பேரு 'ஸ்வீட் டிராக்'. இனிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, அந்தத் தொழிலாளியோட பேருதான் அது. கண்டுபிடிப்புக்கு வாய்க்கால் வெட்டினவர் பேரு நிலைச்சுப்போன சம்பவம் உலகத்துல அதிகம் இருக்காது.

அந்தப் பாதை என்ன பாதை? புதிய கற்காலம். இங்கிலாந்தில் விவசாயம் வந்து சில தலைமுறைதான் ஆகியிருக்கும். தெற்கே போல்டன் குன்றுகள், வடக்கே வெஸ்ட்ஹே என்ற மேடான தீவு, நடுவுல கிட்டத்தட்ட 2 கிலோமீட்டருக்கு நாணல் சதுப்பு. நடந்தா முங்கிடும், படகு விட்டா நாணல் சிக்கும். அதைக் கடக்க ஒரு பாதை போட்டிருக்காங்க. முறை ரொம்ப எளிமை. முதல்ல நீளக் கழிகளை ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா சதுப்பு மேல படுக்க வைக்கறது. அதுக்கு ரெண்டு பக்கமும் கூரான முளைகளைச் சாய்வா அடிச்சு, மேலே பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வெட்டிக்க விடறது. அந்தப் பெருக்கல் குறியோட மேல் பள்ளத்துல பலகையை உட்கார வைக்கறது. பலகை நழுவாம இருக்க முனையில துளை போட்டு ஒரு குச்சியைச் செருகறது. ஒரு ஆள் பின்னால ஒரு ஆள் நடக்கலாம். எதிர்ல யாராவது வந்தா என்ன பண்ணினாங்களோ!

இதுல இரும்பு கிடையாது, வெண்கலம்கூடக் கிடையாது. ரம்பமே இல்லை. கல்கோடரியால மரத்தைச் சாய்ச்சு, ஆப்பு அடிச்சுப் பிளந்து பலகை எடுத்திருக்காங்க. சில ஓக் மரங்களுக்கு வயசு 400 வருஷம். சிறு கழிகளோ, அடிமரத்தை வெட்டிவிட்டு மறுபடி துளிர்க்கவிட்டு எடுத்தவை. அதாவது காட்டைப் பராமரிச்சு, கழி கேட்டா கழி கிடைக்கிற மாதிரி அப்பவே வச்சிருந்திருக்காங்க.

எப்போ போட்டாங்கன்னு கேட்டா, தொல்லியல்ல வழக்கமா "சுமார்" போட்டு ஒரு நூறு இருநூறு வருஷத்தைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் பதில் வரும். இங்கே அப்படியில்லை. மர வளையங்களை எண்ணி ஒப்பிட்டு 1990ல ஒரு முடிவு சொன்னாங்க: மரங்களை வெட்டினது கி.மு. 3807 குளிர்காலத்துக்கும் கி.மு. 3806 வசந்தத்துக்கும் இடையில். வருஷம் மட்டுமில்லாம பருவமே தெரியுது! அதுக்குப் பக்கத்துலயே கி.மு. 3838ல போட்ட இன்னொரு பாதையும் இருக்கு. ஸ்வீட் டிராக்தான் பிரிட்டன்ல பழசுன்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தாங்க. 2009ல லண்டன் பெல்மார்ஷ் சிறைச்சாலை பக்கத்துல கிடைச்ச மரப்பாதை இன்னும் கொஞ்சம் மூத்ததுன்னு தெரிஞ்சது.

பாதையோரத்துல கிடைச்ச பொருள்களும் சுவாரசியம். ஹேசல் கொட்டைகளோட ஒரு மண்பானை. யாரோ நடக்கும்போது கை தவறி விழுந்திருக்கலாம். பச்சைநிற ஜேட் கல்லில் இழைச்ச ஒரு கோடரி, உபயோகமே படுத்தாதது. அந்தக் கல் ஆல்ப்ஸ் மலையில கிடைக்கிறது, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. அது வேணும்னே தண்ணிக்குக் கொடுத்த காணிக்கையா இருக்கலாம்னு சொல்றாங்க.

இவ்வளவு பாடுபட்டுப் போட்ட பாதை எத்தனை நாள் இருந்தது தெரியுமா? சுமார் பத்து வருஷம். நடுவுல புது மரம் வெட்டி ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் நாணலும் தண்ணியும் மூடிடுச்சு. மனுஷன் உபயோகிச்சது பத்து வருஷம், மண் பத்திரமா வச்சிருந்தது 5800 வருஷம்.

இங்கேதான் எனக்கு ஒரு கொசுவத்தி சுத்த வேண்டியிருக்கு. சேலம் பக்கம் தாத்தா வீட்டுக் கிணறு. தண்ணி உப்புக் கரிக்கக்கூடாதுன்னு அடியில நெல்லிமரக் கட்டை போட்டிருந்தாங்க. நிறைய ஊர்ல இந்த வழக்கம் உண்டு, உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா சொல்வாங்க. நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு கோடையில தூர் வாரினப்ப அந்தக் கட்டையை மேலே தூக்கிப் போட்டாங்க. கருகருன்னு, நேத்து வெட்டினது மாதிரி கெட்டியா இருந்துச்சு. தாத்தாவோட அப்பா காலத்துல போட்டதாம். "சாக்குல சுத்தி ஈரமா வைடா, சாயங்காலம் திரும்ப இறக்கணும்"னு தாத்தா என்கிட்டதான் சொன்னார். நான் கிரிக்கெட் ஆடப் போயிட்டேன். அன்னிக்குக் கிணத்துல ஊத்துக்கண் அடைப்பு, வேலை இழுத்துக்கிட்டு நாலு நாள் ஆச்சு. கட்டை வெயில்ல கிடந்தது கிடந்தபடி. நாலாம் நாள் பார்த்தா பாளம் பாளமா வெடிச்சு, கையில எடுத்தா செதில் செதிலா உதிருது. தாத்தா திட்டக்கூட இல்லை. "தண்ணிக்குள்ள இருந்தவரைக்கும் அதுக்கு ஆயுசுடா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அதோட அர்த்தம் ஷாப்விக் போய்ட்டு வந்த அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு முழுசா விளங்குச்சு.

விஷயம் இதுதான். மரத்தை மக்க வைக்கறது பூஞ்சையும் பாக்டீரியாவும். அதுங்களுக்குக் காத்து வேணும். தேங்கி நிக்கிற தண்ணியில ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, அதனால வேலை ஓடாது. ஆனா முழுசா தப்பிச்சதுன்னும் சொல்ல முடியாது. பல நூறு வருஷத்துல மரத்தோட உள்சத்து மெல்லமெல்லக் கரைஞ்சு, அந்த இடத்தைத் தண்ணி நிரப்பியிருக்கும். வெளியில பார்த்தா கோடரி வெட்டின தடம்கூட அப்படியே தெரியும். உள்ளே ஸ்பாஞ்சு மாதிரி. அந்த உருவத்தைத் தாங்கிப் பிடிச்சிருக்கிறதே தண்ணிதான். காய்ஞ்சா செல்லெல்லாம் உள்வாங்கிச் சுருங்கி வெடிச்சுப் போகும்.

அப்படின்னா எடுத்து மியூசியத்துல வைக்கலாமேன்னு கேக்கலாம். வச்சிருக்காங்க. தோண்டி எடுத்த பலகைகள்ல நல்லதைத் தேர்ந்தெடுத்து, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுக் கரைசல்ல, சூடான தொட்டியில மாசக்கணக்கா ஊறப்போட்டு, தண்ணி இருந்த இடத்துல மெழுகை ஏத்தினாங்க. கிட்டத்தட்ட ஒன்பது மாசம் ஆகுமாம். ஒரு துண்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் போச்சு. ஆனா 2 கிலோமீட்டர் பாதையையும் இப்படிச் செய்ய எந்த ஊர் பட்ஜெட்டும் தாங்காது. தவிர, எடுத்தா மரம் மட்டும்தான் வரும். சுத்தியிருக்கிற பீட்டுல உள்ள மகரந்தம், வண்டோட இறக்கை, விதை இதெல்லாம்தான் அன்னைக்கு அங்கே என்ன காடு, என்ன தட்பவெப்பம்னு சொல்ற சாட்சி. அதனால மீதியை மண்ணுக்குள்ளேயே விட்டு வைக்கறதுன்னு முடிவு.

விட்டு வைக்கறதுன்னா சும்மா விடறதுன்னு அர்த்தமில்லை. கிளாஸ்டன்பரி மடத்துத் துறவிகள் காலத்துலேர்ந்தே அந்தச் சதுப்பு நிலத்தை வடிச்சு விவசாய நிலமா மாத்திக்கிட்டே வந்திருக்காங்க. 18, 19ஆம் நூற்றாண்டுல பெரிய பெரிய வடிகால்கள் வெட்டினாங்க. அப்புறம் பீட் கம்பெனிகள். பாதை இருக்கிற பட்டையை மட்டும் விட்டுட்டு சுத்திலும் ஆழமா வெட்டி எடுத்தா என்ன ஆகும்? மிச்சமிருக்கிற பட்டை மேடா நிக்கும், அதுல உள்ள தண்ணி நாலு பக்கமும் பள்ளத்துக்கு வடிஞ்சிடும். வரப்பு உடைஞ்ச வயல் மாதிரி.

1980களில் இதுக்கு ஒரு வழி பண்ணினாங்க. தேசிய பாரம்பரிய நினைவு நிதியோட பணத்துல நிலத்தை வாங்கி, அன்றைக்கு இயற்கைப் பாதுகாப்பைக் கவனித்த நேச்சர் கன்சர்வன்சி கவுன்சிலின் பொறுப்பில், சுமார் 500 மீட்டர் நீளத்துக்குப் பாதையைச் சுத்தி களிமண் கரை கட்டினாங்க. வாய்க்கால்லேர்ந்து பம்பு வச்சுத் தண்ணி இறைச்சு அந்தப் பட்டை மேல பாய்ச்சினாங்க. நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளந்துகிட்டே வந்தாங்க. கற்காலத்துப் பாதையைக் காப்பாத்தறதுக்கு வரப்பும் பம்பு செட்டும்! நம்ம ஊர் விவசாயி யாரைக் கேட்டிருந்தாலும் இதே யோசனையைத்தான் சொல்லியிருப்பார்.

இது தேவையான்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு பக்கத்துலயே. 1835ல கண்டுபிடிச்ச 'அபட்ஸ் வே'ன்னு இன்னொரு பழைய மரப்பாதை. அதுக்கு இப்படி தண்ணி காட்டலை. 1996ல தோண்டிப் பார்த்தப்ப, ஈரம் வத்தி, காய்ஞ்சு கெட்டுப்போயிருந்தது.

இன்னொண்ணு வடக்கே யார்க்‌ஷயர்ல, ஸ்டார் கார். பதினோராயிரம் வருஷத்துக்கு முந்தின வேட்டைக்காரர்கள் ஏரிக்கரையில தங்கின இடம். 1949 முதல் 1951 வரை கிரகாம் கிளார்க் தோண்டினப்ப, மான்கொம்பில் செஞ்ச ஈட்டிமுனைகளும், மான் மண்டையோட்டுல செஞ்ச தலையணிகளும் அருமையா கிடைச்சது. மீதி மண்ணுக்குள்ள பத்திரமா இருக்குன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. 2000களின் பிற்பகுதியில மறுபடி தோண்டினா, எலும்பெல்லாம் கொழகொழன்னு ஜெல்லி மாதிரி ஆகியிருந்தது. வயல் வடிகால்களால நீர்மட்டம் இறங்கி, காத்து உள்ளே போய், மண்ணிலிருந்த கந்தகம் அமிலமா மாறி, எலும்புல உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைச்சிடுச்சு. யாரும் திருடலை, புல்டோசர் விடலை. மேலே புல் அதே மாதிரி பச்சையாத்தான் இருந்திருக்கும். எங்க வேலையில பேக்கப் எடுத்து வச்சிருக்கோம்னு வருஷக்கணக்கா நிம்மதியா இருந்துட்டு, ஒரு நாள் ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தா ஃபைல் எல்லாம் கரப்ட் ஆகியிருக்குமே, அந்த மாதிரி.

சரி, பறவைங்க எங்கேருந்து வந்துச்சு? பீட் வெட்டி முடிச்ச பள்ளங்களை அப்படியே விட்டுட்டுப் போயிருந்தா அசிங்கமான குழிகள்தான். அதுல தண்ணியை நிறுத்தி, கரைகளைச் சரிவா அமைச்சு, நாணல் வளர்த்து ஏரிகளா மாத்தினாங்க. ஷாப்விக் ஹீத்தை இப்போ நேச்சுரல் இங்கிலாந்து அமைப்பு பராமரிக்குது. ஒட்டினாப்பல பறவைகள் பாதுகாப்புச் சங்கத்தோட ஹாம் வால் காப்பகம். 2012ல பெரிய வெள்ளைக் கொக்கு பிரிட்டன்ல முதல்முறையா குஞ்சு பொரிச்சது இந்த ஷாப்விக் ஹீத்துலதான். வேடந்தாங்கல் போனா நாம திரும்பிக்கூடப் பார்க்காத அதே கொக்கு! அங்கே ஆளாளுக்கு பீரங்கி சைஸ் லென்ஸ் வச்சுக்கிட்டு அதுக்காகக் காத்திருக்காங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. தரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாம கிடக்கிற பலகைக்காக வருஷா வருஷம் தண்ணி பாய்ச்சப் பணம் கொடுங்கன்னு கேட்டா எத்தனை பேர் கொடுப்பாங்க? என் ரூம் மேட் கண்டிப்பா கொடுக்க மாட்டான். ஆனா பறவைக்குத் தண்ணி வேணும்னா கூட்டம் வரும். பலகைக்கும் கொக்குக்கும் தேவை ஒண்ணுதான், நிலம் ஈரமா இருக்கணும். சுத்தி ஏரியில தண்ணி நின்னா நடுவுல இருக்கிற பட்டையோட ஈரம் வடியறதும் குறையும்.

அதுக்காக ரெண்டுக்கும் சண்டையே இல்லைன்னு சொல்ல முடியாது. காய்ஞ்ச பீட் மேல பிர்ச் மரம் தானா முளைச்சுடும். பார்க்க அழகு, பறவை கூடு கட்டும். ஆனா அது கோடையில உறிஞ்சி ஆவியா விடற தண்ணி கொஞ்சநஞ்சமில்லை, வேர் நேரா கீழே பலகைக்குள்ள இறங்கும். அதனால காப்பகத்துக்குள்ளேயே பாதைக்கு மேலே உள்ள மரங்களை வெட்ட வேண்டி வருது. இயற்கைக் காப்பகத்துல மரம் வெட்டறாங்களேன்னு யாருக்கும் முதல்ல திக்குனு இருக்கும். கீழே என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது ஏன்னு புரியும். தகவல் பலகை அதுக்காவது வேணும்.

அன்னிக்குச் சாயங்காலத்துக்கு வர்றேன். நாலு மணிக்கெல்லாம் வெளிச்சம் மங்க ஆரம்பிச்சது. ஏரிக்கரையில பத்து நூறு பேர் கழுத்துல பைனாகுலரோட நின்னாங்க. முதல்ல ஒரு சின்னக் கூட்டம், அப்புறம் இன்னொண்ணு, பத்து நிமிஷத்துல வானம் முழுக்க ஸ்டார்லிங் பறவைகள். நம்ம மைனாவுக்குப் பங்காளி முறை, ஒரே குடும்பம். லட்சக்கணக்குல சேர்ந்து, புகை மாதிரி சுருண்டு விரிஞ்சு, சட்டுனு மொத்தமா நாணலுக்குள்ள மழை மாதிரி இறங்கிடுச்சு. ரூம் மேட் வாயைத் திறந்தபடி நின்னான். "பெட்ரோல் காசு வசூல்டா"ன்னான்.

திரும்பி வரும்போது அந்த ஒத்தையடிப் பாதை பக்கமா டார்ச் அடிச்சுக்கிட்டே நடந்தோம். காலுக்குக் கீழே நிலம் சொதசொதன்னு இருந்துச்சு. போகும்போது ஷூ நனையுதேன்னு எரிச்சலா இருந்தது, வரும்போது அப்படித் தோணலை. "இன்னும் ஈரமாத்தான்டா இருக்கு"ன்னு சொன்னேன். அவனுக்குப் புரியலை, "ஆமா, சேறு"ன்னான்.

தாத்தா போய் ஏழு வருஷம் ஆச்சு. கிணத்துல இப்போ தண்ணியும் இல்லை. அந்தச் சாக்கை மட்டும் அன்னிக்கு நனைச்சுப் போட்டிருக்கலாம்.

உங்க ஊர்க் கிணத்துலேயும் நெல்லிக்கட்டை இருந்ததா, இப்போ என்ன ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: போட்டோ எங்கேன்னு கேக்காதீங்க. பாதையோட போட்டோ வேணும்னா புல்தரைதான் இருக்கு, போடட்டா? :)